முன்கள வீரனுக்கு ஒரு பொருளதிகாரம்

பாயிரம்

எந்த நூலுக்கும் முதலில் பாயிரம் சொல்வது நம் இலக்கணிகளின் வழக்கம். நூல் எதைப் பற்றியது, யாருக்கு உரியது, படித்தால் என்ன பயன் என்பதை அதில் சொல்லிவிட வேண்டும். அந்த மரபுப்படியே தொடங்குகிறேன். அயல்நாட்டு கிளப்புகளில் பந்தாடிப் பிழைக்கும் கால்பந்து முன்கள வீரனின் ஏற்ற இறக்கமே இந்தச் சிறு நூலின் பொருள். ஆட்டம் பார்க்கிறவர்களுக்கும், பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போனவர்களுக்கும் இது உரியது. பயன் ஒன்றுதான்: ஒருவருக்குக் காய்ப்பு நின்றுபோன காலத்தில், மரமே பட்டுவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லாமல் இருக்கப் பழகுவது.

கால்பந்தில் மற்றவர்களின் வேலையை அளப்பது கடினம். தடுப்பு வீரர் சரியான இடத்தில் நின்றதாலேயே எதிரணி பந்தை அந்தப் பக்கம் கொண்டுவராமல் போயிருக்கும். அதற்குக் கணக்கு ஏதும் கிடையாது. ஸ்ட்ரைக்கர் என்று நாம் சொல்லும் முன்கள வீரனுக்கு ஒரே ஓர் எண், கோல். அடித்தால் மறுநாள் பத்திரிகையில் பெயர் வரும். அடிக்காவிட்டாலும் வரும். ஆகவே இந்த ஆட்டத்தில் வேகமாக ஏறுகிறவனும் வேகமாக இறங்குகிறவனும் அவன்தான். அதுவும் அயல்நாடு என்றால், இறங்கும்போது பிடித்துக்கொள்ள உறவும் மொழியும் பக்கத்தில் இருப்பதில்லை.

இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டும். உருகுவேயின் டியேகோ ஃபோர்லானை எடுத்துக்கொள்கிறேன். மான்டிவிடியோவில் 1979 மே 19 அன்று பிறந்தவர். அர்ஜென்டினா, இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, பிரேசில், ஜப்பான், சொந்த நாடான உருகுவே, இந்தியா, ஹாங்காங் என்று பத்து கிளப்புகளுக்கு ஆடியவர். இங்கிலாந்தில் எட்டு மாதம் ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் கேலிக்கு ஆளானார். எட்டு ஆண்டு கழித்து உலகக் கோப்பையின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று தங்கப் பந்து வாங்கினார். இரண்டு ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தாலும் ஆள் ஒருவர்தான்.

இயல் 1: பிரிவு

விதி: முன்கள வீரன் ஊரைப் பிரிவது பொருளுக்காக. அந்தப் பொருள் பெரும்பாலும் அவன் ஒருவனுக்கு உரியதாக இருப்பதில்லை.

சங்க அகப்பாடல்களில் தலைவன் வீட்டைவிட்டுப் போக ஓதல், பகை, தூது எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் நெஞ்சை அதிகம் அறுப்பது பொருள்வயிற் பிரிவு. கையில் பொருள் இல்லாமல் இல்லறம் நடக்காது, வருகிறவருக்கு ஈய முடியாது என்று தலைவன் காடு கடந்து போகிறான். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மனிதர்களை அனுப்பி வைத்த நமக்கு இந்தப் பிரிவைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

உருகுவேயும் அப்படி அனுப்பி வைக்கும் நாடுதான். ஏறக்குறைய 35 லட்சம் மக்கள். சென்னைப் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவு. அந்தச் சின்ன நாடு 1930-லும் 1950-லும் உலகக் கோப்பையை வென்றது. ஆனால் தான் வளர்த்த ஆட்டக்காரர்களுக்குப் பெரிய சம்பளம் கொடுக்க அங்குள்ள கிளப்புகளால் இயலாது. கன்று கொழுத்ததும் சந்தைக்குப் போய்விடும்.

ஃபோர்லான் வீட்டில் இந்தப் பிரிவு மூன்று தலைமுறை வழக்கம். தாய்வழித் தாத்தா ஹுவான் கார்லோஸ் கொராசோ, அர்ஜென்டினாவின் இண்டிபெண்டியென்டே கிளப்பில் ஆடியவர், பின்னாளில் உருகுவே அணிக்குப் பயிற்சியாளர். அப்பா பாப்லோ ஃபோர்லான், 1966, 1974 உலகக் கோப்பைகளில் ஆடிய தடுப்பு வீரர். பிரேசிலின் சாவ் பாவ்லோ கிளப்பில் பல ஆண்டுகள் இருந்தவர்.

இருந்தும் சிறுவன் டியேகோவின் கை டென்னிஸ் ராக்கெட்டையும் விடாமல் பிடித்திருந்தது. இரண்டு ஆட்டத்திலும் நல்ல தேர்ச்சி. முடிவெடுக்க வைத்தது ஒரு விபத்து. 1991-இல், அவருக்கு 12 வயதாக இருந்தபோது, அக்கா அலெகாந்த்ரா சென்ற கார் விபத்துக்குள்ளானது. அக்காவின் காதலர் இறந்துபோனார். அக்கா உடல் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். மருத்துவச் செலவு வீட்டை அழுத்தியது. கால்பந்து ஆடிப் பெரிய ஆளாகி, அக்காவின் சிகிச்சைக்குச் சம்பாதிப்பேன் என்று அந்த வயதிலேயே தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். ராக்கெட் மூலைக்குப் போனது.

1998-இல் தாத்தா ஆடிய அதே இண்டிபெண்டியென்டேயில் இவரும் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். ஐரோப்பாவின் பார்வை மெல்ல இவர்மேல் விழுந்தது. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ கிளப் ஏறக்குறைய வாங்கிவிட்ட நேரத்தில், மான்செஸ்டர் யுனைடெட் குறுக்கே வந்து அழைத்துக்கொண்டது. அது 2002 ஜனவரி. அவருக்கு வயது 22.

இயல் 2: பாலை

விதி: பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. நல்ல நிலமே மழை பொய்த்தால் பாலையாகத் திரியும்.

இந்த நூலின் உயிர் இந்த விதிதான். தொல்காப்பியர் நானிலத்துக்கு நிலம் வகுத்தபோது பாலைக்கு நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை விளக்கும். பாலையை ஒரு நிலைமையாகப் பார்த்த அந்த அறிவு ஆழமானது. நேற்று முல்லையாக இருந்தது இன்று பாலை. மழை வந்தால் மறுபடியும் முல்லை.

ஸ்ட்ரைக்கரின் கோல் வறட்சியும் இப்படிப்பட்டதே. ஃபோர்லான் 2002 ஜனவரி 29 அன்று போல்ட்டனுக்கு எதிராக முதன்முதலில் மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சியில் இறங்கினார். கோல் இல்லை. அடுத்த ஆட்டம், அதற்கடுத்த ஆட்டம், அந்த சீசன் முடியும்வரை கோல் இல்லை. அவர் பெயரைத் திரித்து, கதியற்றவன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக்கிச் சிரித்தார்கள். முதல் கோல் வர 27 ஆட்டங்கள் ஆயின. செப்டம்பர் 18 அன்று மக்காபி ஹைஃபாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில், டேவிட் பெக்கம் அடிக்கவேண்டிய பெனால்டியை அவர் விட்டுக்கொடுக்க, ஃபோர்லான் வலைக்குள் அடித்தார். நா வறண்டவனுக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்த மாதிரி.

ஏன் இப்படி வறண்டது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த அணியில் முதன்மை ஸ்ட்ரைக்கர் ரூட் வான் நிஸ்டல்ரூய். 2002-03 சீசனில் எல்லாப் போட்டிகளிலுமாக 44 கோல் அடித்தவர். அவருக்குப் பின்னால் பால் ஸ்கோல்ஸ். இரண்டாவது ஸ்ட்ரைக்கருக்கு நிரந்தர இடமே இல்லாத அமைப்பு. ஃபோர்லான் பல ஆட்டங்களில் கடைசி நேரத்தில் இறங்கிய மாற்று ஆட்டக்காரர். ஆட்டத்துக்கு 20 நிமிடம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 27 ஆட்டம் சேர்ந்தாலும் 540 நிமிடம்தான். அதாவது ஆறே முழு ஆட்டம். பொதுவாகக் கால்பந்தில் கோலை நோக்கி அடிக்கும் பத்து அடியில் ஒன்றுதான் கோலாகிறது. ஆறு ஆட்ட அளவு நேரத்தில் ஒருவருக்கு ஒன்றும் விழாமல் போவது உலக அதிசயம் ஆகாது. பார்க்கிறவர்கள் மாதத்தை எண்ணினார்கள். நிமிடத்தை எண்ணியவர்கள் சிலரே.

வறட்சிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காலில் தொடங்கி மனசுக்கு ஏறும். அடிக்காதவன் அடிக்க அவசரப்படுவான். பாஸ் கொடுக்கவேண்டிய இடத்தில் தானே அடிப்பான், அடிக்கவேண்டிய இடத்தில் ஒரு கணம் தயங்குவான். அந்த ஒரு கணத்தில் தடுப்பு வீரனின் கால் குறுக்கே வந்துவிடும்.

அந்த மனநிலையை ஒரே காட்சியில் பார்க்கவேண்டும் என்றால், 2002 நவம்பர் 2-ஆம் தேதி சவுத்தாம்ப்டனுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைப் பார்க்க வேண்டும். ஸ்கோர் 1-1. மாற்று ஆட்டக்காரராக வந்த ஃபோர்லான் பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து ஓங்கி அடிக்கிறார். பந்து வலையின் மேல் மூலையில் பாய்கிறது. பித்துப் பிடித்தவர்போல ஜெர்சியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடுகிறார். மறுபடி போட்டுக்கொள்ளப் பார்த்தால், அது உள்பக்கம் வெளிப்பக்கமாகச் சுருண்டுவிட்டது. கை எந்தத் துளையில் நுழைவது என்று தெரியவில்லை. அதற்குள் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். வெற்று மார்போடு, ஜெர்சியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, அவர் எதிரணி ஆட்டக்காரரைத் துரத்திப்போய் பந்துக்காக மோதுகிறார். பலர் இதைச் சிரிப்புக் காட்சியாக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பாலையில் விழுந்த மழைத்துளி. நீண்ட நாள் காய்ந்த மண்மேல் முதல் துளி பட்டால் எழும் புழுதியும் மணமும் அடங்கக் கொஞ்சம் நேரம் ஆகும்.

அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று ஆன்ஃபீல்டில், பரம எதிரியான லிவர்பூலுக்கு எதிராக மூன்றே நிமிட இடைவெளியில் இரண்டு கோல் அடித்தார். முதல் கோல், கோல் கீப்பர் யெர்சி டுடெக் கால்களுக்கு இடையே நழுவவிட்ட பந்து. மான்செஸ்டர் ரசிகர்கள் அன்றைக்கு ஃபோர்லானுக்குப் பாட்டுக் கட்டினார்கள். அவர் கிளப்பைவிட்டுப் போய்ப் பல்லாண்டு ஆன பிறகும் பாடினார்கள். 98 ஆட்டம், 17 கோல் என்பது அவருடைய மான்செஸ்டர் கணக்கு. கணக்கில் தோல்வி. ஆனால் உழைத்தவனின் நெஞ்சை மைதானத்தின் மரப்பலகைப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர் அறிவார். கேலி செய்த வாய்தான் பாடியது.

இயல் 3: இடம்

விதி: இடம் என்பது காலடியில் தொடங்குகிறது.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார் திருவள்ளுவர். அரசனுக்குச் சொன்னதுதான், ஆனால் முன்கள வீரனுக்கு அப்படியே பொருந்துகிறது. அவற்றில் இடத்தை முதலில் பார்ப்போம்.

இங்கிலாந்தின் மைதானங்கள் ஈரம் ஊறியவை. அங்கே நீளமான உலோக ஸ்டட் வைத்த பூட்ஸ்தான் பிடித்து நிற்கும். ஃபோர்லானுக்கு வார்ப்பில் வந்த குட்டை ஸ்டட் பூட்ஸ்தான் பழக்கம். நீள ஸ்டட் போடு என்று பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் சொல்லியிருந்தார். சரி என்று தலையாட்டிய ஃபோர்லான், செல்சிக்கு எதிரான ஆட்டத்தில் பழைய பூட்ஸோடு இறங்கினார். கோல் முன்னே நல்ல வாய்ப்பு வந்தது. அடிக்கும் நேரத்தில் கால் வழுக்கியது. ஆட்டம் முடிந்ததும் பூட்ஸை மாற்றிவிட உடைமாற்றும் அறைக்கு ஓடினார். ஃபெர்குசன் அதற்குள் வந்துவிட்டார். பூட்ஸைப் பிடுங்கி வீசினார். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடிய கடைசி ஆட்டம் அதுதான் என்று ஃபோர்லானே பின்னாளில் சொன்னார்.

பயிற்சியாளர் சொன்னதில் தவறில்லை. ஆட்டக்காரரின் பிடிவாதமும் புரிகிறது. பிறந்த மண்ணில் பழகிய நடையை அந்நிய மண்ணில் காலிலிருந்து கழற்றுவது எளிதில்லை. சென்ற ஊரில் நம் செருப்பு வழுக்கிய அனுபவம் இல்லாதவர் யார்? ஆங்கிலத்தில் நினைத்துப் பேசத் தடுமாறுகிறவனும், குளிரில் விரல் மரத்துப்போகிறவனும் செய்துகொண்டிருப்பது அந்த வழுக்கலோடு நடத்தும் போராட்டம்தான்.

2004 ஆகஸ்டில் இளம் வெயின் ரூனியை மான்செஸ்டர் வாங்கியது. ஃபோர்லான் ஸ்பெயினின் வில்லாரியாலுக்குப் போனார். வாலன்சியாப் பகுதியில் ஓடு, டைல்ஸ் செய்து பிழைக்கும் சிறு ஊர் அது. மக்கள்தொகை ஏறக்குறைய 50 ஆயிரம். பச்சைக்குழந்தை உட்பட ஊரே திரண்டு போனாலும் மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானம் நிறையாது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது இறக்கமாகத் தெரிந்தது.

ஆனால் அங்கே மண் காய்ந்திருந்தது, கால் பிடித்தது. பேச்சு ஸ்பானியம், அவருடைய தாய்மொழி. பயிற்சியாளர் மனுவேல் பெல்லெகிரினி சிலி நாட்டவர். உடன் ஆடியவர்களில் பலர் அர்ஜென்டினாக்காரர்கள், நடுக்களத்தில் ஹுவான் ரொமான் ரிக்கெல்மே. அவசரப்படாமல் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, முன்கள வீரன் ஓடத் தொடங்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கும் ஆட்டம் ரிக்கெல்மேயுடையது. ஸ்ட்ரைக்கருக்கு வேறென்ன வேண்டும்? முதல் சீசனிலேயே, 2004-05-இல், ஃபோர்லான் 25 லீக் கோல் அடித்தார். ஸ்பெயினில் அதிக கோல் அடித்தவருக்கான பிச்சிச்சி விருது கிடைத்தது. ஐரோப்பாவின் தங்கக் காலணியைத் தியரி ஆன்றியோடு பகிர்ந்துகொண்டார். மூன்றாம் இடம் பிடித்த அந்தச் சிறு ஊர் சாம்பியன்ஸ் லீகுக்கு முதல் முறையாகத் தகுதி பெற்றது.

விதி அடுத்த ஆண்டே அவரைப் பழைய கிளப்புக்கு எதிரே நிறுத்தியது. குரூப் ஆட்டங்களில் வில்லாரியாலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் இரண்டு முறை மோதின. இரண்டும் 0-0. முடிவில் வில்லாரியால் பட்டியலில் முதலிடம், மான்செஸ்டர் கடைசியிடம். வில்லாரியால் அரையிறுதிவரை போனது. ஆர்சனலுக்கு எதிராக ரிக்கெல்மே அடித்த பெனால்டியை யென்ஸ் லேமன் தடுத்துவிட, இறுதி ஆட்டம் கைநழுவியது. இரண்டு ஆண்டுக்கு முன் வழுக்கி விழுந்த அதே கால்கள்தான் ஓர் ஊரை அவ்வளவு தூரம் சுமந்து வந்தன.

இயல் 4: காலம்

விதி: கார் வந்தால் முல்லை தானே பூக்கும். பூக்கும்வரை செடி உயிரோடு இருக்க வேண்டும்.

2007-இல் ஃபெர்னாண்டோ டோரஸ் லிவர்பூலுக்குப் போக, அவர் விட்ட இடத்தை நிரப்ப அட்லெட்டிகோ மாட்ரிட் ஃபோர்லானை அழைத்தது. ஊரின் செல்லப்பிள்ளை உட்கார்ந்த நாற்காலியில் வெளியூர்க்காரன் உட்காருவது லேசான காரியம் இல்லை. பக்கத்தில் இளம் செர்ஜியோ அகுவேரோ இருந்தார். அகுவேரோ தடுப்பு வீரர்களை இழுத்துக்கொண்டு போக, திறந்த வெளியில் ஃபோர்லான் இடதுகாலாலும் வலதுகாலாலும் ஒரேபோல அடித்தார். எந்தக் கால் என்று எதிரணி கணிக்க முடியாமல் போவதே அவருடைய பெரிய பலம். 2008-09 சீசனில் 32 லீக் கோல். பிச்சிச்சி மறுபடியும், தங்கக் காலணி மறுபடியும். இந்த முறை காலணியைப் பகிர்ந்துகொள்ள யாரும் இல்லை.

2010 மே 12, ஜெர்மனியின் ஹாம்பர்க். யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் எதிரணி இங்கிலாந்தின் ஃபுல்ஹாம். அரையிறுதியில் லிவர்பூலை ஆன்ஃபீல்டிலேயே வெளியேற்றிவிட்டு வந்திருந்தது அட்லெட்டிகோ. கூடுதல் நேரத்தில் அந்த ஆட்டத்தைத் தீர்மானித்த கோல் ஃபோர்லானுடையது. இறுதி ஆட்டத்திலும் 32-ஆம் நிமிடத்தில் முதல் கோல் அவர் அடித்தார். ஃபுல்ஹாமின் சைமன் டேவிஸ் சமன் செய்தார். கூடுதல் நேரமும் முடியப்போகிறது. 116-ஆம் நிமிடம். இடப்பக்கக் கோட்டோரம் அகுவேரோ பந்தைக் காப்பாற்றிக்கொண்டு போய் உள்ளே அனுப்புகிறார். அருகில் உள்ள கம்பத்தை நோக்கி ஓடிவந்த ஃபோர்லான் காலை மட்டும் நீட்டித் தொடுகிறார். பந்து தடுப்பு வீரர்மேல் உரசி வலைக்குள் உருள்கிறது. ஓங்கி அடித்த அடி இல்லை அது. நாற்றின் நுனியைத் தொடுவதுபோல ஒரு தொடுகை. 2-1. அட்லெட்டிகோவுக்கு 48 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஐரோப்பியக் கோப்பை.

அந்தத் தொடுகைக்கு வேகமோ வலுவோ முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். 2002-இன் ஃபோர்லான் அந்தப் பந்தை இரண்டு அடி முன்னதாக வந்து தவறவிட்டிருக்கலாம். காலம் அறிதல் என்பதை யாரும் கற்றுக்கொடுக்க முடியாது. ஆடி ஆடித்தான் வரும். ஆடுவதற்கு ஓர் அணி இடம் கொடுத்தால்தான் வரும்.

இயல் 5: வலி

விதி: தன் வலியை அறிந்தவன் இடம் மாறவும் அறிவான்.

ஒரு மாதத்தில் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பை. முதல் ஆட்டத்தில் பிரான்சோடு 0-0. பயிற்சியாளர் ஆஸ்கார் தபாரெஸ் அதற்குப் பின் ஒரு மாற்றம் செய்தார். லூயிஸ் சுவாரெஸும் எடின்சன் கவானியும் முன்னே போக, 31 வயது ஃபோர்லான் அவர்களுக்குப் பின்னால் இறங்கி நடுக்களத்தையும் முன்களத்தையும் இணைத்தார். கோல் ஒன்றே தன் அளவுகோல் என்று வாழ்ந்த ஒருவர் கோல் கம்பத்திலிருந்து பின்வாங்கி நிற்க ஒப்புக்கொள்வது சின்ன விஷயம் அல்ல. பின்வாங்கி நின்றும் ஐந்து கோல் அடித்தார்.

ஜபுலானி என்ற அந்த உலகக் கோப்பைப் பந்தைப் பற்றி எத்தனையோ கோல் கீப்பர்களும் ஸ்ட்ரைக்கர்களும் புலம்பினார்கள். காற்றில் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. ஃபோர்லான் அடித்தால் மட்டும் அது சொல்பேச்சு கேட்டது. கானாவுக்கு எதிரான கால் இறுதி நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தவர்களில் நானும் ஒருவன். உருகுவே 0-1 பின்தங்கியிருந்தது. 55-ஆம் நிமிடம், இடப்பக்கம் பெனால்டி பகுதிக்கு வெளியே ஃப்ரீ கிக். பந்தை வைத்துவிட்டு நான்கைந்து எட்டு பின்னே போய் நின்றார். மூச்சை உள்ளிழுத்து விட்டார். வலதுகாலால் அடித்த பந்து மதில்போல் நின்றவர்களைத் தாண்டி, கோல் கீப்பர் ஒரு பக்கம் சாயத் தொடங்கிய பிறகு மறுபக்கம் வளைந்து வலைக்குள் இறங்கியது. கடைசியில் சுவாரெஸ் கையால் பந்தைத் தடுத்ததையும் கானாவின் கியான் பெனால்டியைக் கம்பத்தில் அடித்ததையுமே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கணம்வரை உருகுவேயைக் கொண்டுவந்து சேர்த்தது இந்த ஃப்ரீ கிக்.

அரையிறுதியில் நெதர்லாந்திடம் 2-3. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 2-3. இரண்டிலும் ஃபோர்லான் கோல் அடித்தார். ஜெர்மனிக்கு எதிராகக் காற்றிலேயே உதைத்த பந்து அந்த உலகக் கோப்பையின் மிகச் சிறந்த கோலாகத் தேர்வானது. அந்த ஆட்டத்தின் கடைசி உதையும் அவருடையதே. ஃப்ரீ கிக் குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நான்காம் இடம் பெற்ற அணியிலிருந்து தங்கப் பந்துக்கு உரியவர் வந்தார்.

மறு ஆண்டு கோபா அமெரிக்கா. புவெனஸ் ஐரிஸில் இறுதி ஆட்டம். பராகுவேயை 3-0 என வென்றது உருகுவே. அந்தப் போட்டித் தொடரில் அதுவரை ஒரு கோலும் இல்லாத ஃபோர்லான் அன்று இரண்டு கோல் அடித்தார். 1967-இல் இதே கோப்பையை உருகுவே வென்றபோது பயிற்சியாளர் தாத்தா கொராசோ, அணியில் ஆடியவர் அப்பா பாப்லோ. மூன்றாம் தலைமுறையும் அந்தக் கோப்பையைத் தொட்டது.

இயல் 6: திரிதல்

விதி: ஏறியது இறங்கும். இறக்கத்திலும் நடை மாறாதிருப்பதே தேர்ச்சி.

கோபா அமெரிக்கா முடிந்து ஒரு மாதத்தில் முல்லை மறுபடி திரிந்தது. 2011 ஆகஸ்ட் இறுதியில், சாமுவேல் எட்டோ விட்டுப்போன இடத்துக்கு இன்டர் மிலான் அவரை வாங்கியது. அட்லெட்டிகோவுக்காக யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஏற்கெனவே ஆடியிருந்ததால், சாம்பியன்ஸ் லீக் குரூப் ஆட்டங்களில் இன்டருக்கு அவர் ஆட முடியாது என்பது வாங்கிய பிறகே தெரியவந்தது. காயம் ஒரு பக்கம், பழக்கமில்லாத விங் இடம் ஒரு பக்கம். அந்த சீசனில் லீகில் இரண்டே கோல். ஓராண்டுக்கு முன் உலகின் சிறந்தவர் என்று எழுதிய பேனாக்களே முடிந்தது கதை என்று எழுதின.

அடுத்து பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்து இன்டர்நேசியோனல். பிறகு 2014-இல் ஜப்பானின் செரெசோ ஒசாகா. அந்த ஆண்டே ஒசாகா இரண்டாம் நிலை லீகுக்குத் தள்ளப்பட்டது. தங்கப் பந்து வாங்கியவர் இரண்டாம் நிலை லீகில் ஆடினார். அவமானம் என்று மூட்டை கட்டவில்லை, மறு ஆண்டும் அந்த லீகில் இறங்கிக் கோல் அடித்தார்.

இந்த விதிக்கு உட்பட்டவர் ஃபோர்லான் மட்டும் இல்லை. ஃபோர்லான் யாருடைய நாற்காலியில் உட்கார்ந்தாரோ அந்த டோரஸ், லிவர்பூலில் கோல் மழை பொழிந்தவர், 2011 ஜனவரியில் 5 கோடி பவுண்டுக்கு செல்சிக்குப் போனார். முதல் கோலுக்கு 903 நிமிடம் ஆனது. 2004-இன் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் ஆந்திரி ஷெவ்சென்கோ, மிலானைவிட்டு 2006-இல் அதே செல்சிக்குப் போய், இரண்டு சீசனில் ஒன்பது லீக் கோலோடு நின்றார். லிவர்பூலின் இயன் ரஷ் 1987-இல் யுவென்டஸுக்குப் போய், ஒரே சீசனில் லிவர்பூலுக்குத் திரும்பி, மறுபடி கோல் அடிக்கத் தொடங்கினார். நம் பாய்ச்சுங் பூட்டியா 1999-இல் இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போனபோது, இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பாதை வெட்டியவர் ஆனார். கோல் கணக்கு சொற்பம். நாட்டுக்காக 90-க்கும் மேல் கோல் அடித்த சுனில் சேத்ரிக்கு கன்சாஸ் சிட்டியிலும் லிஸ்பனிலும் களத்தில் இறங்கும் வாய்ப்பே அரிதாக இருந்தது. இவர்களில் ஒருவரையாவது ஆடத் தெரியாதவர் என்று சொல்ல முடியுமா? நிலம் திரிந்தது. வேர் பழுதாகவில்லை.

இயல் 7: மீட்சி

விதி: பொருள் தேடிப் போனவன் திரும்பி வரும் வழியையே அகப்பாடல் மாலையும் மழையுமாகக் காட்டும்.

2015-இல் ஃபோர்லான் ஊருக்குத் திரும்பினார். அப்பா ஆடிய பெனரோல் கிளப்புக்கு, 36 வயதில். அந்த சீசனில் பெனரோல் உருகுவே சாம்பியன் ஆனது. 2016 மார்ச்சில் கிளப் தன் புதிய மைதானத்தைத் திறந்தது. அந்தப் புல்வெளியில் விழுந்த முதல் கோல் ஃபோர்லான் அடித்தது. இளம் வயதில் கிளம்பியவர் எத்தனையோ அயல்மைதானங்களில் கோல் அடித்துவிட்டு வந்து, சொந்த ஊர்ப் புதுமனையில் முதல் விளக்கை ஏற்றிய மாதிரி இருந்தது.

அதன்பின் அவர் நம் பக்கமும் வந்தார். 2016-இல் மும்பை சிட்டி அணிக்காக இந்தியன் சூப்பர் லீகில் ஆடினார். அந்தேரி மைதானத்தில், கேரளா பிளாஸ்டர்ஸை மும்பை 5-0 என வென்ற இரவில், 37 வயது மனிதர் மூன்று கோல் அடித்தார். ஓட்டம் குறைந்திருந்தது. ஆனால் பந்து வரும் முன்பே அது வரும் இடத்தில் அவர் நின்றார். லீக் சுற்றில் மும்பை முதலிடம் பிடித்தது. பிறகு ஹாங்காங்கின் கிச்சி. 2019-இல் ஓய்வை அறிவித்தார்.

புறனடை

விதிகளுக்குள் அடங்காததைக் கடைசியில் புறனடையாகச் சொல்வது இலக்கண மரபு. இங்கே சொல்ல ஒன்று உண்டு.

2024 நவம்பரில், மான்டிவிடியோவில் நடந்த தொழில்முறை டென்னிஸ் போட்டியில், இரட்டையர் பிரிவில் 45 வயது ஃபோர்லான் இறங்கினார். பன்னிரண்டு வயதில், அக்காவுக்காக மூலையில் வைத்த ராக்கெட் அது. முதல் சுற்றிலேயே 1-6, 2-6 எனத் தோற்றார். கால்பந்து வாழ்க்கையின் தொடக்கத்தில் ஓர் ஊர் இந்த எண்களைப் போன்ற எண்களைக் கொண்டு அவரை எடை போட்டது. அன்றைக்கு அவை யாருக்கும் பொருட்டாக இல்லை. பிறந்த ஊரின் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டிய இடம் அது என்றே நான் நினைக்கிறேன்.

பொருள் தேடி முடிந்தது. அக்கா அலெகாந்த்ரா சாலைப் பாதுகாப்புக்காகத் தன் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கினார். தம்பி கைக்கு ராக்கெட் திரும்பி வந்துவிட்டது. இடையில் இருந்த காலமெல்லாம் சில ஆண்டு பாலை, சில ஆண்டு முல்லை. நாளைக்கு ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் பத்து ஆட்டமாகக் கோல் அடிக்காமல் தலைகுனிந்து மைதானத்தைவிட்டு வெளியே வருவார். டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நாம் வாயைத் திறக்குமுன் அவர் காலடி மண்ணை ஒரு முறை பார்ப்போம். மழை பெய்து எத்தனை நாளாயிற்று என்று கேட்போம்.